பச்சைப் பட்டை யாரைக் கைகாட்டுது?

ஒரு சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பட்டியல் பக்கம் இருந்தது. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் முதலில் திறக்கிற பக்கம். காலை பத்து மணி ஆனால் போதும், அது இழுக்க ஆரம்பித்துவிடும். ஒருநாள் யாரோ குரோம் டெவ்டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் அந்தக் கோரிக்கையை அழுத்தி, ‘டைமிங்’ பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குழுவில் போட்டார். நீளமாக ஒரு பச்சைப் பட்டை. பக்கத்தில் ‘வெயிட்டிங் ஃபார் சர்வர் ரெஸ்பான்ஸ்’. 910 மில்லிசெகண்ட்.

அதுக்கு மேல விசாரணையே நடக்கல. சர்வர் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்னு கருவியே எழுதிக் காட்டுது, அப்புறம் என்ன? அந்தப் பட்டியலுக்கான குவெரியை எழுதியவன் எங்கள் குழுவிலேயே இளையவன். “அண்ணா, என் லாக்ல 40 மில்லிசெகண்ட்தான் காட்டுது, வேணா நீங்களே பாருங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து அந்த 40-ஐ 25-க்குக் கொண்டுவந்தான். பச்சைப் பட்டை 895 ஆனது. வித்தியாசம் கண்ணுக்கே தெரியல.

கதையின் மீதியைக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் கட்டுரை அந்தப் பட்டையைப் பற்றிய விமர்சனம். ஒரு நாவலுக்கோ படத்துக்கோதான் விமர்சனம் எழுதணும்னு இல்லை. ‘டைமிங்’ பக்கமும் ஒரு பிரதிதான். வெப் வேலை செய்கிறவர்கள் தினமும் படிக்கிற பிரதி. அதில் இருக்கிற ஏழெட்டுச் சொற்கள்தான் பல அலுவலகங்களில் யார் தலையில் பழி விழணும்னு முடிவு பண்ணுது. அந்தச் சொற்கள் சரியா என்பதுதான் என் கேள்வி.

முதலில், பந்தி

இந்தப் பக்கத்தைப் பார்த்தே இராதவர்களுக்காக ஒரு கல்யாணப் பந்தி.

சாப்பிடப் போறீங்க. நாற்காலி காலியில்லை. உட்கார்ந்திருப்பவர் பின்னாடி நிற்கிறீங்க. இது ‘க்யூயிங்’. வரிசை நகர்ந்த பிறகும் ஏதோ ஒரு காரணத்தால் உட்கார முடியலைன்னா அது ‘ஸ்டால்டு’. மண்டபம் எங்கேன்னு விசாரிப்பது ‘டி.என்.எஸ் லுக்கப்’. நாற்காலியில் உட்கார்ந்து, இலை போட்டு, தண்ணி தெளித்துத் துடைப்பது ‘இனிஷியல் கனெக்‌ஷன்’. “சாம்பார் கொண்டாங்க” என்று குரல் கொடுப்பது ‘ரெக்வெஸ்ட் சென்ட்’. முதல் கரண்டி இலையில் விழும் வரை ‘வெயிட்டிங்’. முதல் கரண்டியிலிருந்து கடைசிக் கரண்டி வரை ‘கன்டென்ட் டவுன்லோட்’.

பிரவுசர் இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து, பட்டையாக வரைகிறது. எல்லாக் கோரிக்கைகளின் பட்டைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் படிக்கட்டு மாதிரி இறங்கும். அதுக்குத்தான் வாட்டர்ஃபால்னு பேர். இது குரோம் கண்டுபிடித்தது இல்லை. ஜோ ஹெவிட் 2006-இல் வெளியிட்ட ஃபயர்பக் என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சியின் ‘நெட்’ பகுதி வழியாகத்தான் இந்தப் படிக்கட்டு சாதாரண வெப் டெவலப்பர் கைக்கு வந்தது. அதற்கு மறுவருஷம், 2007-இல் ஸ்டீவ் சவுடர்ஸ் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ் வெப் சைட்ஸ்’ என்ற புத்தகத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம் முன்பக்கத்தில்தான் போகிறது. படிக்கட்டுப் படத்தைப் பார்க்காமல் இதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்த வகையில் இந்தப் படத்துக்கு நாம் நிறையவே கடன்பட்டிருக்கிறோம். விமர்சனத்துக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும்.

‘சர்வர்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

குரோமில் அந்தப் பச்சைப் பட்டைக்கு முன்பு ‘வெயிட்டிங்’ என்றும், கூடவே ‘டி.டி.எஃப்.பி’ என்றும் பெயர் இருந்தது. முதல் பைட் வர ஆகும் நேரம் என்பதன் சுருக்கம். பிற்பாடு அதை ‘வெயிட்டிங் ஃபார் சர்வர் ரெஸ்பான்ஸ்’ என்று மாற்றினார்கள். சுருக்கெழுத்து புரியாதவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான் காரணமாக இருக்கும். ஆனால் மாற்றத்தில் ஒன்று நடந்துபோச்சு. ‘முதல் பைட்’ என்பது ஒரு அளவு. ‘சர்வர் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்’ என்பது ஒரு வாக்குமூலம். படிக்கிறவர் மனதில் சர்வர் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுவிடுகிறது.

குரோமின் ஆவணத்தைத் திறந்தால் அங்கே நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்: இந்த நேரத்தில் ஒரு போய்வரும் பயணமும், சர்வர் பதிலைத் தயாரிக்கும் நேரமும் சேர்ந்திருக்கு. ஆவணத்துக்குத் தெரிந்தது பட்டைக்குத் தெரியல. ஸ்கிரீன்ஷாட்டில் ஆவணம் வராது, பட்டைதான் வரும்.

அந்தப் போய்வரும் பயணம் சின்ன விஷயமில்லை. எங்கள் சர்வர் வடக்கு வர்ஜீனியாவில் இருந்தது, நாங்கள் சென்னையில். நேர்கோட்டில் அளந்தாலே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்த் திரும்ப 26,000 கிலோமீட்டர் என்றால், சர்வர் யோசிக்கவே யோசிக்காமல் பதில் சொன்னாலும் 130 மில்லிசெகண்ட். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. எங்களுக்கு நடைமுறையில் அது 212 ஆக இருந்தது. எந்தக் குவெரியைத் திருத்தினாலும் இந்த 212-இல் ஒரு மில்லிசெகண்டும் குறையாது.

அதுமட்டுமில்லை. பிரவுசருக்கும் குவெரி எழுதியவனின் நிரலுக்கும் நடுவே எத்தனை பேர்! சி.டி.என், லோடு பேலன்சர், ரிவர்ஸ் ப்ராக்ஸி, அதற்குப் பின்னாடி வொர்க்கர்களுக்கான வரிசை. பிரவுசருக்கு இவர்கள் யாரும் தெரியாது. குரல் கொடுத்தேன், சாம்பார் வரலை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வாளி தூக்கறவர் நடுவழியில் யாருடனோ பேசிக்கிட்டு நின்றாரா, சமையல்கட்டில் சாம்பார் கொதிக்கவே இல்லையா என்று இலைமுன் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் பட்டை ‘சமையல்காரருக்காகக் காத்திருக்கிறேன்’ என்று எழுதிவைக்கிறது.

ஃபயர்பாக்ஸில் இதே இடத்தில் ‘வெயிட்டிங்’ என்ற ஒரே சொல்தான் பட்டையில் இருக்கு. யாருக்காக என்று பட்டை சொல்வதில்லை. எனக்கு அந்த அடக்கம் பிடிச்சிருக்கு. தெரியாததைப் பட்டையில் எழுதாமல் இருப்பதும் ஒரு துல்லியம்தான்.

ஒரே பெயர், இரண்டு அளவு

டி.டி.எஃப்.பி என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் தோண்டலாம். குரோம் டைமிங் பக்கத்தில் அது தொடங்குவது கோரிக்கை அனுப்பி முடித்த பிறகு. ஆனால் அதே கூகுள், வெப் வைட்டல்ஸ் விளக்கங்களில் டி.டி.எஃப்.பி என்று சொல்வது, பயனர் அந்தப் பக்கத்துக்குக் கிளம்பிய நொடியிலிருந்து. திசைமாற்றம், டி.என்.எஸ், டி.சி.பி, டி.எல்.எஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். 0.8 விநாடிக்குள் இருந்தால் நல்லது என்று அவர்கள் வைத்திருக்கும் எல்லை இந்தப் பெரிய அளவுக்குத்தான்.

எங்கள் கணக்கையே போட்டுப் பாருங்க. ஒரு போய்வரல் 212. சர்வர் வேலை 40. முன்னாடியே திறந்த இணைப்பு இருந்தால் டெவ்டூல்ஸ் காட்டுவது 252. புதிதாக இணைப்பு போடணும்னா டி.சி.பி-க்கு ஒரு போய்வரல், டி.எல்.எஸ் 1.3-க்கு இன்னொன்று, அப்புறம் கோரிக்கை. மொத்தம் 676, டி.என்.எஸ் தனி. டி.எல்.எஸ் 1.2 என்றால் இன்னொரு 212 கூடும். இரண்டு எண்ணுக்கும் ஒரே பெயர். ஒரு கூட்டத்தில் ஒருவர் 252-ஐ வைத்துக்கொண்டும் இன்னொருவர் 676-ஐ வைத்துக்கொண்டும் “உங்க டி.டி.எஃப்.பி தப்பு” என்று அரைமணி நேரம் வாதாடியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் சரிதான். பெயர்தான் தப்பு.

முதல் பைட் என்பதே எதைக் குறிக்கிறது என்பது வேறு சிக்கல். 2012-இல் கிளவுட்ஃபிளேர் வலைப்பதிவில் ஜான் கிரஹாம்-கம்மிங், டி.டி.எஃப்.பி அர்த்தமில்லாதது என்றே தலைப்பு வைத்து எழுதினார். எச்.டி.டி.பி பதிலின் முதல் எழுத்து ‘எச்’. அந்த ஒரு எழுத்தை உடனே அனுப்பிவிட்டு மீதியைத் தாமதித்தால் டி.டி.எஃப்.பி அபாரமாக இருக்கும். பயனர் கையில் ஒன்றும் இருக்காது. பதிலைச் சுருக்கி அனுப்பினால் முதல் பைட் கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் முழுப் பக்கம் சீக்கிரம் வரும் என்பதையும் அங்கே காட்டினார். அர்த்தமே இல்லை என்று சொல்லுமளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் ஒற்றை எண்ணை இலக்காக வைத்தால் அந்த எண்ணை மட்டும் ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு அது நல்ல பாடம்.

நீலப் பட்டையும் நம்பக்கூடியது இல்லை

பச்சை முடிந்தால் நீலம். ‘கன்டென்ட் டவுன்லோட்’. நீலம் நீண்டால் எல்லாரும் சொல்வது: நெட் ஸ்லோ. வைஃபை சரியில்ல, ஆபீஸ் லைன் மோசம், இப்படி.

ஒருதடவை 18 கே.பி ஜேசன் ஒன்றுக்கு நீலம் 1.1 விநாடி காட்டியது. 18 கே.பி! அதே லைனில் பக்கத்து டேபிளில் ஒருத்தர் வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தார். காரணம் நெட்வொர்க் இல்லை. அதே நேரத்தில் பக்கத்தில் ஒரு சார்ட் நூலகம் ஆயிரக்கணக்கான புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தது. பிரவுசரின் முதன்மை இழை அதில் மாட்டிக்கொண்டது. தரவு வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே வாங்க ஆளில்லை. பரிமாறுகிறவர் வாளியோடு நிற்கிறார், நாம் இலையை மறைத்துக்கொண்டு போனில் பேசுகிறோம். பட்டை அதையும் ‘டவுன்லோட்’ என்றுதான் எழுதும். பிரவுசர் வேறு வேலையில் இருந்தாலும் இந்த நேரம் கூடும் என்று ஆவணம் இங்கேயும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. பட்டை இங்கேயும் சொல்லல.

எதிர்ப்பக்கமும் நடக்கும். சர்வர் தலைப்புகளை முதலில் அனுப்பிவிட்டு, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்து அனுப்பினால், சர்வரின் மெத்தனம் முழுக்க நீலத்தில் விழும். பச்சை பளிச்சென்று குட்டையாக இருக்கும். ஆக, பச்சையில் நெட்வொர்க் கலந்திருக்கு, நீலத்தில் சர்வரும் நம் ஜாவாஸ்கிரிப்டும் கலந்திருக்கு. நிறங்கள் கட்டங்களைத்தான் பிரிக்கின்றன, காரணங்களை இல்லை. நாம் படிப்பது காரணமாக.

சாம்பல் நிற மௌனம்

‘க்யூயிங்’, ‘ஸ்டால்டு’ இரண்டும் இன்னும் மோசம். அவை ஏன் என்பதையே சொல்வதில்லை. முன்னுரிமை கூடிய கோரிக்கைகள் முன்னாடி இருக்கலாம். எச்.டி.டி.பி 1.1-இல் ஒரே இடத்துக்கு ஆறு இணைப்புகள் ஏற்கெனவே திறந்திருக்கலாம். டிஸ்க் கேஷில் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒரே சாம்பல்.

அந்த ஆறு என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1999-இன் ஆர்.எஃப்.சி 2616 இரண்டு இணைப்புக்கு மேல் வைக்காதீங்க என்றது. பிரவுசர்கள் அதைத் தாண்டி ஆறுக்குப் போயின. 2014-இல் வந்த ஆர்.எஃப்.சி 7230 அந்த எண்ணையே எடுத்துவிட்டு, அளவோடு இருங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. பந்தியில் ஒரு குடும்பத்துக்கு ஆறு நாற்காலி என்பது எழுதிய சட்டமில்லை, பழக்கம்தான். ஏழாவது ஆள் நிற்கணும்.

சாம்பல் என்னை ஒருமுறை முழு நாள் ஏமாற்றியது. ஐந்து விநாடி தூங்குகிற ஒரு சோதனை முகவரி எழுதி, சர்வர் ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கையைக் கவனிக்குதா என்று பார்க்க இரண்டு தாவலில் அதே முகவரியைத் திறந்தேன். முதலாவது 5 விநாடி, இரண்டாவது 10. சரி, நம்ம சர்வர் ஒற்றை ஆள் கடைதான் போலன்னு முடிவு பண்ணி, அதன் அமைப்பைத் தலைகீழாகப் புரட்டினேன். காரணம் சர்வரே இல்லை. ஒரே முகவரிக்கு இரண்டு கோரிக்கை வந்தால், முதல் பதிலைக் கேஷில் வைத்து இரண்டாவதுக்கும் அதையே கொடுக்கலாமே என்று குரோம் இரண்டாவதைப் பூட்டி நிறுத்திவைக்கிறது. இருபது விநாடி வரை காத்துப் பார்க்கும், அப்புறம்தான் விடும். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதோ ஒரு எண்ணும் சேர்த்தேன். இரண்டும் 5 விநாடியில் வந்தன. ‘ஸ்டால்டு’ என்பதற்குப் பதில் ‘கேஷ் பூட்டுக்காகக் காத்திருக்கிறேன்’ என்று எழுதியிருந்தால் அந்த நாள் மிஞ்சியிருக்கும். பிரவுசருக்குத் தன் உள்வீட்டு விஷயம் தெரியாமல் இல்லை. நெட்-எக்ஸ்போர்ட் பதிவை எடுத்துத் தேடினால் அங்கே எல்லாம் இருக்கு. பட்டைக்கு மட்டும் வருவதில்லை.

தனக்குத் தெரியாத சர்வரைப் பற்றி அறுதியிட்டுப் பேசுகிற பட்டை, தனக்குத் தெரிந்த தன் வீட்டு விஷயத்தில் வாய் திறப்பதில்லை. என் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்.

வரிசை மறையல, இடம் மாறிச்சு

2015-இல் எச்.டி.டி.பி 2 வந்தது. ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளைக் கலந்து அனுப்பலாம். ஆறு நாற்காலிப் பிரச்சினை தீர்ந்தது. மாற்றியவர்கள் படிக்கட்டைப் பார்த்தார்கள். சாம்பல் பெருமளவு காணாமல் போயிருந்தது. கூடவே பச்சை நீண்டிருந்தது. “புது நெறிமுறைக்கு மாத்தினதும் சர்வர் ஸ்லோ ஆயிடுச்சு” என்ற புகார் இங்கிருந்துதான் பிறந்தது.

நடந்தது என்ன? முன்பு பிரவுசர் தன்னிடமே கோரிக்கையைப் பிடித்து வைத்திருந்தது, அது சாம்பல். இப்போது ஐம்பது படத்துக்கும் ஒரே மூச்சில் குரல் கொடுத்துவிடுகிறது. ஆனால் குழாய் அதே குழாய். முன்னுரிமை உள்ளதைச் சர்வர் முதலில் அனுப்ப, மற்றவை சர்வர் வாசலில் நிற்கின்றன. அந்த நிற்றல் இப்போது பச்சையில் விழுகிறது. வரிசை நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போச்சு, அவ்வளவுதான். மொத்த நேரம் குறைந்திருக்கும்போதே ஒவ்வொரு கோப்பின் பச்சையும் கூடியிருக்கலாம். தனித்தனிப் பட்டையைப் படிக்கிறவருக்கு இது தெரியாது. முழுப் படிக்கட்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்குத்தான் தெரியும்.

பூஜ்யம், மைனஸ் ஒன்று, வெற்றிடம்

இல்லாததை எப்படிக் காட்டுவது என்பதிலும் ஒற்றுமை இல்லை. இணைப்பு ஏற்கெனவே திறந்திருந்தால் டைமிங் பக்கத்தில் டி.என்.எஸ், இணைப்பு வரிகளே வராது. அதே தகவலை ஹார் கோப்பாக ஏற்றுமதி செய்தால், பொருந்தாத கட்டத்துக்கு மைனஸ் ஒன்று போடணும் என்பது விதி. அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்து, இணைப்பு நேரம் எதிர்மறையாக வந்து முழித்தவர்கள் உண்டு. ஹார் கோப்பில் டி.எல்.எஸ் நேரம் இணைப்பு நேரத்துக்குள்ளேயே அடங்கும், இரண்டையும் கூட்டினால் இரட்டைக் கணக்கு.

ஜாவாஸ்கிரிப்டில் ரிசோர்ஸ் டைமிங் ஏ.பி.ஐ வழியாக எடுத்தால் இன்னொரு பொறி. இணைப்பு மறுபயன்பாட்டில் இருந்தால் தொடக்கமும் முடிவும் ஒரே எண், கழித்தால் பூஜ்யம். வேறு தளத்திலிருந்து வரும் கோப்பு, அந்தத் தளம் ‘டைமிங்-அலவ்-ஆரிஜின்’ தலைப்பைத் தரவில்லை என்றால், பாதுகாப்புக்காகப் பிரவுசர் இரண்டையும் பூஜ்யமாகவே கொடுக்கும். கழித்தாலும் பூஜ்யம். ‘நேரமே ஆகல’ என்பதும் ‘சொல்ல மாட்டேன்’ என்பதும் ஒரே எண்ணாக வந்து நிற்கின்றன. எங்க மூன்றாம் தரப்பு ஸ்கிரிப்ட் எல்லாம் படுவேகம் என்று சொல்லும் வரைபடங்களில் இந்தப் பூஜ்யங்கள் ஒளிந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் வைத்துக்கொள்வது நல்லது.

நம் சோதனை மேஜையையும் கொஞ்சம் சந்தேகப்படணும். ‘டிசேபிள் கேஷ்’ டிக் பண்ணி வைத்துவிட்டு அளப்பது திரும்பத் திரும்ப வருகிற பயனரின் அனுபவம் இல்லை. டெவ்டூல்ஸில் வேகத்தைக் குறைத்துச் சோதிக்கும்போது குறைவது கோரிக்கை அளவில்தான். டி.சி.பி, டி.எல்.எஸ் கைகுலுக்கல்கள் நம் உண்மையான லைனின் வேகத்திலேயே நடந்து முடியும். கிராமத்து மொபைல் பயனருக்குப் பெரிய அடி விழுவதே அந்தக் கைகுலுக்கல்களில்தான்.

அப்போ இந்தக் கருவி வேண்டாமா?

வேணும். நான் தினமும் திறக்கிறேன். அதைத் தீர்ப்பாகப் படிக்காமல் சாட்சியாகப் படிக்கணும் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரே ஒரு சாட்சி, அதுவும் வாசலில் நின்று பார்த்த சாட்சி. உள்ளே நடந்தது அதற்குத் தெரியாது. இரண்டாவது சாட்சி வேணும்.

அதற்கு வழியும் இருக்கு. ‘சர்வர்-டைமிங்’ என்று ஒரு பதில் தலைப்பு. சர்வர் தன் பதிலோடு “தரவுத்தளத்துக்கு இவ்வளவு, வார்ப்புருவுக்கு இவ்வளவு” என்று எழுதி அனுப்பினால், அது டைமிங் பக்கத்தின் அடியிலேயே வந்து நிற்கும். வெறும் கால அளவுதான் வரும், கடிகார நேரம் வராது. அது குறை இல்லை. இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் மில்லிசெகண்ட் அளவில் ஒத்துப்போகும் என்று நம்பி எதையும் கழிக்கக் கூடாது. டெவ்டூல்ஸின் மிகச் சிறந்த பகுதி என்றால் என் கணக்கில் இதுதான். இதைப் பயன்படுத்துகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாரும் பார்க்கக்கூடிய தலைப்பு என்பதால் உள் ரகசியங்களை அதில் எழுதாமல் இருந்தால் சரி.

நான் இப்போது பழகியிருக்கும் முறை இது. இணைப்பு சூடாக இருக்கட்டும் என்று கோரிக்கையை இரண்டு மூன்று முறை ஓட்டுவேன். அதே சர்வரிலிருந்து ஒரு சின்ன நிலைக் கோப்பை எடுத்து அதன் பச்சையைப் பார்ப்பேன். சர்வர் யோசிக்க வேண்டியதே இல்லாத கோப்பு என்பதால் அது ஏறக்குறைய வெறும் போய்வரல். அந்தக் கோப்பு சி.டி.என்-இலிருந்து வந்தால் கணக்கு தப்பிவிடும், அதை மட்டும் உறுதிசெய்துகொள்ளணும். பெரிய பச்சையில் இதைக் கழித்து, சர்வர்-டைமிங் சொல்வதையும் கழித்தால் ஒரு மிச்சம் வரும். அந்த மிச்சத்துக்கு இதுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை. தேட வேண்டிய இடம் அதுதான்.

மிச்சம் 658

கதையின் மீதி. குவெரியை 25-க்குக் கொண்டுவந்தும் ஒன்றும் நடக்காததில் வெறுத்துப்போய், அந்தத் தம்பியே சர்வர்-டைமிங் தலைப்பைச் சேர்த்தான். இந்த முறை ஸ்கிரீன்ஷாட் அவன் போட்டது. பச்சை 895. அடியில் அவன் நிரலின் கணக்கு 25. நிலைக் கோப்பின் பச்சை 212.

895-இல் 212 போனால் 683. அதில் 25 போனால் 658. யாருடையது இந்த 658?

ப்ராக்ஸியின் லாக்கில் பின்னாலிருந்து பதில் வர எவ்வளவு ஆச்சு என்ற பத்தியைப் பார்த்தோம். சுமார் 680. அவன் லாக் 25. ப்ராக்ஸி கொடுத்துவிட்டது, நிரல் வாங்கவில்லை, நடுவில் நிற்கிறது. நிரலின் லாக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பதே ஒரு வொர்க்கர் அந்தக் கோரிக்கையைக் கையில் எடுத்த பிறகுதான். எடுக்க ஆள் இல்லாமல் நின்ற நேரம் எந்த லாக்கிலும் இல்லை. அவனுடைய 40-ம் உண்மை. பிரவுசரின் 910-ம் உண்மை.

வொர்க்கர்கள் எங்கே போனார்கள்? காலை பத்து மணிக்கு எல்லாரும் முந்தின நாள் கணக்கை எக்ஸலாக இறக்குவார்கள். ஒவ்வொரு இறக்கமும் ஒரு வொர்க்கரைப் பல விநாடிக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பட்டியல் கேட்டு வருகிறவர்கள் வெளியே நிற்கணும். அந்த ரிப்போர்ட்டுக்குத் தனி வொர்க்கர்களை ஒதுக்கிய மறுநாள் பச்சை 240-க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அந்த எக்ஸல் ரிப்போர்ட்டை எழுதியவன் நான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லண்ணா, குவெரியாவது வேகமாச்சே” என்று சிரித்தான். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அவன் கூட்டங்களில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. பட்டையில் ‘சர்வர்’ என்று எழுதியது குரோம்தான். அந்தச் சொல்லை அவன் பேராகப் படித்தது நாங்கள்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் பச்சைப் பட்டையை நீட்டினால் ஒன்று கேளுங்க: இதில் போய்வரல் எவ்வளவு, சர்வர் சொல்வது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு? மூன்றுக்கும் எண் இருந்தால் பேச்சைத் தொடரலாம். இல்லைன்னா இன்னும் அளக்கவே ஆரம்பிக்கல என்று அர்த்தம்.